வார்டன் வீட்டில் இருக்கட்டும்

முதலில் ஒரு சின்ன உதவி, திருமதி ஸ்ப்ரேக். இனிமேல் என் வீட்டுக்கு யாரும் மக்ரோனி கொண்டுவர வேண்டாம் என்று ஊரில் சொல்லிவிடுங்கள். சீஸ் போட்டுச் சுட்டது, கொத்துக்கறி போட்டது, மீன் போட்டது என்று தட்டுத் தட்டாக வந்து நிற்கிறது. ஃப்ரிட்ஜில் பால் வைக்க இடமில்லை. நான் தனிக்கட்டை, எவ்வளவுதான் தின்ன முடியும்? எங்கள் கார்வர் மில்ஸில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் வாயால் ஆறுதல் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். மக்ரோனி செய்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் துக்கம் என் வீட்டில் இல்லை. செத்தது ஜோலின் வோயர். அவளைச் சுட்டது அவள் கணவன் லூசியன். லூசியன் கையில் அந்த ரைஃபிளைக் கொடுத்தது நான். அப்படியிருக்க எனக்கு எதற்கு மக்ரோனி? பக்கத்து வீட்டு ஐரீன் ஒரு தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "நீங்க நல்லதுன்னு நினைச்சுதானே குடுத்தீங்க, வார்டன். யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போயிருப்பாங்க" என்றாள். ஏமாந்துபோனவன் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. அந்தத் தட்டை அப்படியே குப்பையில் கொட்டினேன். அப்போதுதான் போலீஸ் நிலையத்துக்கு உங்களைப் பார்க்க வருவது என்று முடிவுசெய்தேன்.

நீங்களும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டீர்கள். தெரியாமல் கொடுத்தால் குற்றமில்லை, ஆகாத ஆள் என்று தெரிந்து கொடுத்தால்தான் குற்றம் என்று சட்டத்தை விளக்கினீர்கள். 'வயதானவர், நம்பிக் கொடுத்துவிட்டார்' என்று முடித்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் தப்பு. அதைத் திருத்தத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள்.

நான் வெகுகாலம் இந்தப் பகுதியின் வனவிலங்கு வார்டனாக இருந்தேன். வேலையை விட்ட பிறகும் ஊருக்கு நான் வார்டன்தான். எல்வுட் ஹஸ்கல் என்ற பெயர் வரி கட்டும்போதுதான் எனக்கே நினைவுக்கு வரும். காகித ஆலை மூடிய வருடம் எம்ரி வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் அப்போது பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்திருப்பீர்கள். காலைச் சாப்பாட்டு நேரம். எம்ரி தன் மனைவியையும் பெற்ற தாயையும் மேஜையிலேயே வைத்துச் சுட்டுவிட்டுத் தன் வாயிலும் குழலை வைத்துக்கொண்டான். முதலில் உள்ளே போனவன் நான். அடுப்பில் தோசைக்கல் அப்படியே இருந்தது, அப்பம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அடுப்பை அணைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் எம்ரியின் மனைவி கடையில் எல்லோர் முன்னிலையிலும், "அந்த மனுஷன் சரியில்ல, வீட்டுல துப்பாக்கிய வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் பாவம் என்று சொல்லிவிட்டு முட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதன்பின்தான் இந்த வழக்கம் வந்தது. ஒருவன் குடித்துக் கெட்டாலோ, பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாலோ, முகம் சரியில்லாமல் நடமாடினாலோ, நான் போய் அவன் வீட்டுப் படியில் உட்காருவேன். வானிலை, மீன், ஐஸ் உருகுவது எல்லாம் பேசிவிட்டு, "உன் துப்பாக்கி கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டுமே" என்பேன். கொடுத்துவிடுவார்கள். போகப்போக வீட்டுப் பெண்களே போர்வையில் சுற்றி எடுத்துவர ஆரம்பித்தார்கள். 'வார்டன் வீட்டில் இருக்கட்டும்' என்பது ஊரில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. என் நிலவறையில் சுவர் முழுக்க அடுத்தவர் துப்பாக்கிகள். எதிலும் பெயர் ஒட்டியதில்லை. எது யாருடையது, ஏன் வந்தது, எப்போது திரும்பிப் போகலாம், எல்லாம் என் மனதில் இருந்தது.

எப்போது திரும்பிப் போகலாம் என்பதுதான் விஷயம். அதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. கண்ணைப் பார்க்க மாட்டேன். கண் நடிக்கும். கையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வரவழைத்து ஏதாவது தின்னக் கொடுப்பேன், எப்படித் தின்கிறான் என்று பார்ப்பேன். என் நாய் அவனிடம் போகிறதா என்று பார்ப்பேன். இத்தனை வருடத்தில் நான் திருப்பிக் கொடுத்த எந்தத் துப்பாக்கியும் ஒரு மனிதன்மேல் வெடித்ததில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை தவறாமல் ஊர் விருந்தில் பீன்ஸ் தின்கிறவர்களில் பலர் என்னால் உயிரோடிருக்கிறவர்கள். தற்பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்கில் வரட்டும் என்று சொல்கிறேன்.

இந்த வருடம்தான் அந்தச் சட்டப் பேச்சு வந்தது. தனி ஆள் தனி ஆளுக்குத் துப்பாக்கி விற்றாலும் சரி, சும்மா கை மாற்றினாலும் சரி, உரிமம் உள்ள கடைக்குப் போக வேண்டும், வாங்குகிறவன் பின்னணியை அரசாங்கம் சோதிக்க வேண்டும், நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு முடிவுசெய்யலாம் என்றார்கள். எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தின் கிரேஞ்ச் மண்டபத்தில் பீன்ஸ் விருந்துக்குப் பிறகு ஒரு கூட்டம் போட்டார்கள். மரம் வெட்டும் டக்கர் லிபிதான் ஆரம்பித்துவைத்தான்.

"என் மச்சானுக்கு ஒரு பழைய துப்பாக்கிய விக்கறதுக்கு நான் பாங்கர் டவுன் வரைக்கும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயி, கடைக்காரன் முன்னாடி பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"உன் மச்சானுக்கா? அவனுக்கு நான் வெண்ணெ தடவற கத்தியக்கூடத் தர மாட்டேன்டா" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. மச்சானும் சிரித்தான்.

பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, என் நிலவறையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். கம்ப்யூட்டருக்கு ஒருவனுடைய பெயர்தான் தெரியும், எனக்கு ஆளைத் தெரியும் என்றேன். தலைநகரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒருவனுடைய கை நடுங்குவது தெரியுமா என்று கேட்டேன். கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். மறைப்பானேன், எனக்கு நன்றாக இருந்தது.

கை தட்டல் ஓயட்டும் என்று காத்திருந்து கொரின் டூபே எழுந்தாள். ஊர் மருத்துவமனையில் நர்ஸ். நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். "வார்டன், நீங்க எல்லாரையும் சோதிக்கறீங்க. சரி. உங்கள யாரு சோதிக்கறது?" என்றாள்.

அதற்கும் சிரித்தார்கள், திருமதி ஸ்ப்ரேக். எனக்காகக் கை தட்டிய அதே ஆட்கள். நானும் சிரித்து வைத்தேன். அது அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஜோலின் எழுந்தாள்.

ஜோலின் அதிகம் பேசாதவள். கையில் பழுப்பு ரொட்டித் தட்டு, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. "லூசியனோட ரைஃபிள் வார்டன் வீட்டுலதான் இருக்கு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். எப்பத் திருப்பிக் குடுப்பீங்க, குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்வீங்களான்னு கேட்டேன். 'அத நான் பாத்துக்கறேன்'னு சொன்னாரு. அவரு நல்லவருதான். ஆனா அவருக்கு என்னிக்கு என்ன தோணுமோன்னு நான் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு. எனக்கு வார்டனோட மனசு வேண்டாம். சட்டம் வேணும். அடுத்த கூட்டத்துல எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் அதற்குமுன் பார்த்திருக்கிறேன். யார் வீட்டுப் படியில் நான் போய் உட்காருவேனோ, அவர்களை ஊர் அப்படித்தான் பார்க்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முகம் எரிந்துகொண்டிருந்தது.

அவள் சொல்வதாக இருந்த 'எல்லாம்' என்ன என்று எனக்குத் தெரியும். லூசியனுக்கு ஜோலினுக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாள், நியூ ஹாம்ப்ஷயரில். இரும்புக் கம்பியால் அவள் முகத்தை உடைத்ததற்காக நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, சிறையிலும் இருந்தவன். அப்படிப்பட்டவன் எந்தக் கடையிலும் ஒரு துப்பாக்கி வாங்க முடியாது. எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியாது. ரைஃபிளைக் கொண்டுவந்த அன்று ஜோலின் என் சமையலறையில் உட்கார்ந்து எனக்கு மட்டும் சொன்னாள். அன்று அவள் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். அதுவும் அவன் வேலைதான். எனக்குத் தெரியுமா தெரியாதா என்று உங்கள் முதல் கேள்வியிலேயே கேட்டீர்கள். தெரியாது என்றேன். தெரியும். அதை இப்போது திருத்திக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்களையும் குறை சொல்லக் கூடாது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு லூசியன் குடியை விட்டான். மாதா கோயிலுக்குப் போய்ப் பாதிரியார் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஜோலின் அவனை விட்டு அக்கா மார்லா வீட்டுக்குப் போனபோதுகூட அவன் ஒரு சத்தம் போடவில்லை, அவள் பெட்டியை அவனே வண்டியில் ஏற்றினான். "ஆளே மாறிட்டான் பாருங்க, வார்டன். மான் வேட்டைப் பருவம் வருது, அவன் துப்பாக்கியக் குடுத்துடுங்க, பாவம்" என்று டக்கர் உட்பட எத்தனையோ பேர் என்னிடம் சொன்னார்கள். இப்போது எனக்கு வரும் மக்ரோனியில் பாதி அவர்கள் வீட்டு மக்ரோனி.

நான் லூசியனை வரச்சொன்னேன். பட்டப்பகல்தான், ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது. டோனட் வாங்கிக்கொண்டு வந்தான். முகத்தை மழமழவென்று மழித்திருந்தான். குரல் அப்படி ஒரு மென்மை. கை இரண்டும் மேஜைமேல் அசையாமல் கிடந்தன, கழற்றி வைத்த கையுறை மாதிரி. டோனட்டை வாயில் வைத்தான், மென்றான், விழுங்கினான். அதில் ருசி இருந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. என் நாய் எழுந்து போய்ப் பின்கதவில் மூக்கை வைத்துக்கொண்டு, வெளியே விடு என்று நின்றது. எம்ரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவனையும் அந்தக் கடைசி வாரத்தில் எல்லோரும் 'இப்பத்தான் அமைதியாயிட்டான்' என்றார்கள். குடித்துக் கத்துகிறவனிடம் இன்னும் தயக்கம் இருக்கிறது என்று பொருள். அமைதியாகிவிட்டவன் முடிவெடுத்துவிட்டான். இதைப் பார்த்து அறிவதற்கு எனக்கு ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

நாயை வெளியே விட்டேன். நிலவறைக்குப் போய் ரைஃபிளை எடுத்துவந்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தேன். குறி கொஞ்சம் இடப்பக்கம் விலகியிருந்தது, முந்தின நாள் மணல் குழிக்கு எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்த்துச் சரிசெய்திருந்தேன்.

"ஜோலின் வர்ற சனிக்கிழமை பேசறாளாமே" என்றேன். "டி.வி.காரங்க எல்லாம் வர்றாங்களாம்."

"என்ன பேசப்போறா?"

"எனக்கென்னப்பா தெரியும். நியூ ஹாம்ப்ஷயர் விஷயமா இருக்கும்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அத உங்ககிட்டச் சொல்லிட்டாளா?"

"இதக் கொண்டுவந்த அன்னிக்கே சொல்லிட்டா. இனி ஊருக்கே சொல்லப்போறா. மார்லா வீட்டுலதான் இருக்கா இன்னிக்கு, ஆப்பிள் ஜாம் போடறாங்களாம் ரெண்டு பேரும்."

அவன் ரைஃபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "தோட்டா?" என்றான்.

துப்பாக்கியையும் தோட்டாவையும் நான் யாருக்கும் ஒரே நாளில் கொடுத்ததில்லை. துப்பாக்கி முதலில், தோட்டா ஒரு வாரம் கழித்து, அதுவும் ஆளை மறுபடி பார்த்த பிறகு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை, அவனுக்கும் தெரியும். தயங்கித்தான் கேட்டான். "உன்னுதுதானப்பா, எடுத்துக்க" என்று பெட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் வண்டி என் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பினால் அவன் வீடு. வலப்பக்கம் ஆற்றோரம், மார்லா வீடு. வலப்பக்கம் திரும்பினான். என் டெலிபோன் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது. மார்லா வீட்டு எண் எனக்கு மனப்பாடம், அவள் கணவன் இருந்தபோது அவனுடைய துப்பாக்கியும் என்னிடம் இருந்தது. நான் காபிக் கோப்பைகளைக் கழுவினேன். துடைத்து மாட்டினேன். நாயை உள்ளே கூப்பிட்டேன், அது வரவில்லை.

ஊர் மீட்புக் குழுவில் நானும் இருக்கிறேன். ரேடியோவில் அழைப்பு வந்ததும் கிளம்பினேன். வண்டியை வேகமாகத்தான் ஓட்டினேன், அதைச் சந்தேகப்பட வேண்டாம். மார்லா ஓடிப்போய்ச் சரக்கறைக்குள் நுழைந்து கதவை அடைத்திருக்கிறாள், அவன் கதவோடு சேர்த்துச் சுட்டிருக்கிறான். தாடையின் ஒரு பாதி இல்லை. கீழே உடைந்த ஜாடிகளில் ஜாம் எது, மற்றது எது என்று சொல்ல முடியவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள் என்கிறீர்கள், நல்லது. லூசியன் வாசலில் வண்டிக்குள் இருந்தான், கண்ணாடி முழுக்கச் சிவப்பு, உள்ளே பார்க்க அவசியமில்லை.

ஜோலின் பின்பக்கம் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே கிடந்தாள். வயிற்றில் ஒன்று, தொடையில் ஒன்று. தவழ்ந்து வந்திருக்கிறாள், புல்லில் அந்தத் தடம் வீட்டுப் படியிலிருந்தே இருந்தது. கொடியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்துத் தானே வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தது. நான் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தேன். "நான் இருக்கேம்மா, வார்டன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை. என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை உருவிக்கொண்டாள். அவ்வளவு ரத்தம் போன பிறகும் அவளிடம் அதற்குத் தெம்பு இருந்தது. நான் மறுபடி பிடிக்கப் போனேன், மறுபடியும் உருவிக்கொண்டாள். அந்தக் கையை மண்ணில் ஊன்றி, என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போகப் பார்த்தாள். அப்படியே அடங்கிவிட்டாள். உங்களிடம் சொன்னதிலேயே இது ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சாகிறபோது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது சாதாரண மனிதத்தன்மை. அதை அவள் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

அவளை அடக்கம் செய்த பிறகு கிரேஞ்ச் மண்டபத்தில்தான் சாப்பாடு. அங்கே கொரின் டூபே அழுதுகொண்டே, "வார்டன் மாதிரி ஒரு ஆளே தப்பாக் கணிச்சுட்டாருன்னா, நம்மள்ல யாரால கணிக்க முடியும்? அதனாலதான் சட்டம் வேணுங்கறேன்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். டக்கர் லிபி தலையாட்டினான், திருமதி ஸ்ப்ரேக். வீட்டு முன்னால் நட்டிருந்த 'சட்டம் வேண்டாம்' பலகையை மறுநாள் பிடுங்கிவிட்டான். என்னைப் பார்த்ததும் கண்கலங்கி, "விடுங்க வார்டன், மனச உடைச்சுக்காதீங்க" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம், வேண்டாம் என்று விட்டேன்.

நான் தப்பாகக் கணிக்கவில்லை. அவன் என்ன செய்வான் என்று நினைத்துக் கொடுத்தேனோ அதைத்தான் செய்தான், நான் நினைத்த அன்றைக்கே செய்தான். எந்தக் கம்ப்யூட்டர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும்? ஆளைப் பார்த்து அறிகிற முறை பொய்த்துவிட்டது என்று சொல்லித்தான் இப்போது ஓட்டுக் கேட்கிறார்கள். அது பொய்க்கவில்லை. ஓட்டுப் போடுவதற்குள் இது வெளியே வந்தால் நல்லது, இல்லாத ஒரு தப்பைக் காரணம் காட்டி ஒரு சட்டம் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் நானே வந்து சொல்கிறேன். ஜோலினைக் கொன்றது நான்தான், தெரிந்துதான் செய்தேன் என்று தெளிவாகப் போடுங்கள். 'ஏமாந்து' என்ற சொல்லை மட்டும் எங்கிருந்தாலும் அடித்துவிடுங்கள்.

உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து எல்லாத் துப்பாக்கிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். நிலவறையில் இருப்பவற்றை எடுத்துக்கொள்ளட்டும், அது நியாயம்தான், நான் இல்லாதபோது யார் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் படுக்கையறையில் இருப்பது என் சொந்த ரைஃபிள், அதை எதற்குத் தொட வேண்டும்? அதெல்லாம் மனசு சரியில்லாதவர்களிடம்தான் வாங்கி வைக்க வேண்டும். என்னைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.